சின்ன மாற்றம்தானே

எங்கட ஊர்க் கடைகளில் கடன் கொப்பி ஒன்று இருக்கும். யார் வந்தது, என்ன வாங்கினது, எவ்வளவு நிலுவை, எப்ப தாறன் என்று சொல்லிவிட்டுப் போனது எல்லாம் அதில் இருக்கும். நாங்கள் நாலு பேரும் என்ன வேலை செய்கிறோம் என்று வீட்டில் கேட்டால் இந்தக் கொப்பியைத்தான் உதாரணத்துக்கு எடுப்போம். வெளிநாட்டு அமைப்புகளுக்கு இப்படியான கொப்பிகளைக் கோடு போட்டுக் கொடுப்பதுதான் எங்கட சீவியம்.

"கோடு போடுறதுக்கோ சம்பளம்?" என்று எங்களில் ஒருவரின் அம்மம்மா கேட்டார். ஓம், அதுக்குத்தான்.

அந்தக் கொப்பிக்கு சி.ஆர்.எம். என்று பெயர். வாடிக்கையாளர் உறவு முகாமைத்துவம் என்று விரித்துச் சொல்லலாம், சொன்னாலும் அம்மம்மாவுக்கு விளங்காது. நாங்கள் வேலை செய்வது சேல்ஸ்ஃபோர்ஸில். 1999 இல் தொடங்கின நிறுவனம். மென்பொருளைப் பெட்டியில் வாங்கி ஒஃபிஸ் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், பிரவுசரைத் திறந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள். கொப்பி அவர்களின் கணினிகளில் இருக்கும். நூறு பேர் நூறு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் அதில் எழுதலாம். அதில் எத்தனை பெட்டி இருக்க வேண்டும், எந்தப் பெட்டியை வெறுமையாக விடக்கூடாது, எந்தப் பக்கத்தை யார் பார்க்கலாம், ஒரு பதிவு வந்தால் யாருக்கு மின்னஞ்சல் போக வேண்டும் என்பதெல்லாம்தான் நாங்கள் போடுகிற கோடு. கொன்ஃபிகரேஷன் என்பார்கள். பெரும்பாலும் நிரல் எழுதவே தேவையில்லை, மௌஸால் கிளிக் பண்ணிப் பண்ணியே முடித்துவிடலாம்.

அது பெரிய வசதி. பிரச்சினையும் அதுக்குள்ளேதான் இருக்கிறது. கடைக் கொப்பியில் புதிதாகக் கோடு போட வேண்டுமென்றால் கடை பூட்டின பிறகு ஆறுதலாகப் போடலாம். இந்தக் கொப்பி பூட்டுவதேயில்லை. யாரோ எழுதிக்கொண்டிருக்கிறபோதே அவரின் கைக்குக் கீழே கோட்டை மாற்றுகிறோம். அவருக்கு எங்களைத் தெரியாது, எங்களுக்கும் அவரைத் தெரியாது.

இதை நாங்கள் படித்து அறியவில்லை. 2022 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை பட்டு அறிந்தோம்.

*

பிரித்தானியாவில் உள்ள ஒரு சிறிய தொண்டு அமைப்புக்கு அப்போது வேலை செய்துகொண்டிருந்தோம். பெயர் வேண்டாம். மின்சாரத்துக்குக் காசு கட்ட முடியாத குடும்பங்களுக்கு வவுச்சர் கொடுப்பது அவர்களின் வேலைகளில் ஒன்று. அங்கே கனக்க வீடுகளில் முற்கொடுப்பனவு மீற்றர் இருக்கிறது. நாங்கள் ஃபோனுக்கு ரீலோட் போடுவதுபோல அவர்கள் மீற்றருக்குப் போட வேண்டும். போட்ட காசு முடிந்தால் அவசரத்துக்கென்று கொஞ்சம் கடன் தரும். அதுவும் முடிந்தால் வீடு இருண்டுவிடும். ஏப்ரல் 1ஆம் திகதியிலிருந்து எரிசக்தி விலையின் உச்ச வரம்பு 54 சதவீதத்தால் உயரும் என்று அங்கே பெப்ரவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். விண்ணப்பங்கள் கூடிக்கொண்டே வந்தன.

விண்ணப்பிப்பதற்கு இணையத்தில் ஒரு படிவம். பெயர், முகவரி, ஃபோன் இலக்கம், எத்தனை பிள்ளைகள், மீற்றரில் எவ்வளவு மிச்சம். அனுப்பினால் நேரே சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு பதிவாக வந்து விழும். அங்கே முறை மாறி இருக்கிறவர்கள் அதைப் பார்த்து, ஃபோனில் கதைத்து, வவுச்சர் அனுப்புவார்கள். சனி ஞாயிறும் ஒருவர் இருப்பார்.

அந்த வெள்ளி எங்களுக்குப் பின்னேரம், அவர்களுக்கு மத்தியானம். அங்கிருந்த முகாமையாளர் ஒரு செய்தி போட்டிருந்தார். சில விண்ணப்பங்களில் ஃபோன் இலக்கம் பாதியில் நிற்கிறது, கூப்பிட முடியவில்லை, சரியான இலக்கம் இல்லாமல் பதிவு வராதபடி செய்யலாமா என்று கேட்டிருந்தார். திங்கட்கிழமை செய்தாலும் பரவாயில்லை என்றும் எழுதியிருந்தார்.

"சின்ன மாற்றம்தானே, இப்பவே செய்துவிடுவம்" என்றார் எங்களில் ஒருவர். மற்ற மூன்று பேரும் தலையாட்டினோம்.

திங்கள்வரை ஏன் பொறுக்கவில்லை? இன்னும் ஒரு மணித்தியாலத்தில் கரண்ட் போக இருந்தது. அந்த மாதத்தை இதை வாசிக்கிற ஒருவருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. வலயத்துக்கு ஒரு ஆங்கில எழுத்து, எழுத்துக்கு ஒரு நேர அட்டவணை. மாத முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் போனால் ரூட்டர் போகும். கொஞ்ச நேரத்தில் ஃபோன் கோபுரத்தின் பற்றரியும் இறங்கி சிக்னலும் போகும். ஜெனரேற்றருக்கு டீசல் வேண்டுமென்றால் வரிசையில் நிற்க வேண்டும். எந்த வேலையாக இருந்தாலும் கரண்ட் போகமுன் முடித்துவிட வேண்டும் என்று எங்கட உடம்பே பழகியிருந்தது. திங்கட்கிழமை கரண்ட் எப்படியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நாங்கள் போட்டது ஒரு வலிடேஷன் றூல். ஒரு பதிவைச் சேமிக்கமுன் சேல்ஸ்ஃபோர்ஸ் தனக்குள் கேட்டுப் பார்க்கிற கேள்வி அது. ஃபோன் பெட்டியில் சரியாக 11 இலக்கங்கள் இருக்கின்றனவா, இல்லையென்றால் சேமிக்காதே என்று எழுதினோம். பிரித்தானியாவில் கைப்பேசி இலக்கம் 07 இல் தொடங்கி 11 இலக்கம் வரும். மொத்தம் இரண்டு வரி. சாண்ட்பொக்ஸ் என்கிற சோதனைக் கொப்பிக்குப் போகவில்லை. புரொடக்‌ஷன் என்று சொல்கிற, ஆட்கள் பாவித்துக்கொண்டிருக்கிற உண்மையான கொப்பியிலேயே போட்டோம். பிறகு நாங்களே உள்ளே இருந்து ஒரு பதிவை எழுதிப் பார்த்தோம். 11 இலக்கம் போட்டால் சேமித்தது, 10 இலக்கம் போட்டால் மறுத்தது. "முடிஞ்சுது" என்று செய்தி அனுப்பினோம். சொல்லி வைத்தபடி கரண்ட் போனது. தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

நாங்கள் எழுதிப் பார்த்த இலக்கத்தில் இடைவெளி இல்லை.

*

பிரித்தானியாவில் கனக்கப் பேர் கைப்பேசி இலக்கத்தை எழுதும்போது முதல் ஐந்தை எழுதி, ஒரு இடைவெளி விட்டு, மிச்ச ஆறையும் எழுதுவார்கள். சிலர் +44 என்று தொடங்குவார்கள். எங்கட றூலுக்கு அந்த இடைவெளியும் ஒரு எழுத்து. 12 எழுத்து வருகிறது, ஆகவே சேமிக்காதே.

உள்ளே இருந்து எழுதுகிறவருக்கு சிவப்பு எழுத்தில் பிழை காட்டும். வெளியே இணையப் படிவத்தை நிரப்புகிறவருக்குக் காட்டாது. அவர் அனுப்பினவுடன் "நன்றி, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்ற பக்கம் வந்துவிடும். பின்னால் பதிவு உருவாகியிருக்காது. இந்தப் பதிவை உருவாக்க முடியவில்லை என்று, விண்ணப்ப விபரங்களோடு சேர்த்து, அமைப்பில் குறித்து வைத்திருக்கிற ஒரு பயனருக்கு மின்னஞ்சல் போகும். அங்கே குறித்து வைத்திருந்தது இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போன ஒருவரை. கணக்கை மூடவில்லை. அந்த அஞ்சல் பெட்டியை ஒருவரும் திறப்பதில்லை.

திங்கட்கிழமை முகாமையாளரிடமிருந்து வந்த செய்தியில் முறைப்பாடு ஒன்றும் இருக்கவில்லை. இந்தக் கிழமை இறுதி அதிசயமாக அமைதியாக இருந்தது என்று சந்தோசமாகத்தான் எழுதியிருந்தார். அதை வாசிக்கத்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. விலை ஏற இன்னும் சில நாள்தான் இருக்கிறது. அமைதியாக இருக்க ஒரு நியாயமும் இல்லை.

பழைய அஞ்சல் பெட்டியைத் திறக்கச் சொன்னோம். 38 மின்னஞ்சல். 38 விண்ணப்பம். றூலை நிறுத்த ஒரு சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் போதும், அரை நிமிடம். அமைப்பில் இருந்தவர்கள் மற்ற வேலைகளை விட்டுவிட்டு அன்று முழுக்க ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பெரும்பாலானோருக்கு மீற்றரில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அல்லது யாரிடமோ மாறிச் சமாளித்திருந்தார்கள். ஒரு தாய்க்கு வெள்ளி மத்தியானமே முடிந்துவிட்டது. பிள்ளைக்குக் குடுக்கிற மருந்து குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய மருந்து. படிவத்தை அனுப்பினார், நன்றி என்று வந்தது, காத்திருந்தார். பக்கத்து வீட்டில் ஃபோனைச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வந்து திரும்பவும் காத்திருந்தார். மருந்தையும் கடைசியில் அந்த வீட்டில்தான் வைத்திருக்கிறார். திங்கள் கூப்பிட்டபோது அவர் ஏசவில்லையாம். தனக்குத் தகுதி இல்லையாக்கும், அதுதான் ஒருவரும் கூப்பிடவில்லை என்று நினைத்திருந்தாராம்.

எங்களை ஏசியிருந்தால் தாங்கியிருப்போம். மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்துகொண்டு இருட்டைப் பற்றி எவ்வளவு கதைத்திருப்போம் அந்த மாதம். அதே இரவுகளில் எங்களால் ஒரு வீடு இருட்டில் கிடந்திருக்கிறது.

*

சேல்ஸ்ஃபோர்ஸில் செற்றப் ஓடிற் ட்ரெயில் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அமைப்பில் யார், எத்தனை மணிக்கு, எதை மாற்றினது என்று வரிசையாகக் காட்டும். திரையில் கடைசி 20 மாற்றங்கள், தரவிறக்கிப் பார்த்தால் 180 நாளுக்கு இருக்கும். அன்றைக்கு அதைத் திறந்தபோது ஒரு வரியும் ஒரு பெயரும் இருந்தன. எங்களில் வயது குறைந்தவரின் பெயர். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்.

யார் செய்தது என்று அமைப்பிலிருந்து கேட்டார்கள். கேட்பது நியாயம்.

எங்களுக்குள் நடந்த சண்டையை மறைக்க விரும்பவில்லை. "அவசரப்படாதே எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றார் ஒருவர். அவர் சொல்லவில்லை, அவரும் தலையாட்டினவர்தான். "பெயரைக் குடுப்பம், அவை ஒண்டும் செய்ய மாட்டினம்" என்றார் இன்னொருவர். வயது குறைந்தவர் ஒன்றும் கதைக்கவில்லை. லப்டொப்பை மூடிவிட்டு வெளியே போய் மாமரத்துக்குக் கீழே நின்றார். நாங்கள் மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஒரு வரியில் இல்லாதவை கனக்க இருந்தன. செய்தியை வாசித்து ஓம் சொன்ன மூன்று பேர் அதில் இல்லை. சாண்ட்பொக்ஸ் இருந்தும் அங்கே போகாதது அதில் இல்லை. வெளியே இருந்து படிவத்தை நிரப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாதது இல்லை. விலகினவரின் பெயர் இரண்டு வருடமாக அப்படியே கிடந்தது இல்லை. அவர்களின் அமைப்பை நாங்கள் கையேற்றபோது அதைப் பார்த்திருக்க வேண்டும். கரண்ட் அட்டவணையும் இல்லை.

பதில் மின்னஞ்சலின் முதல் வரைவில் "எங்கள் குழு உறுப்பினர் ஒருவர்" என்று எழுதியிருந்தோம். அதை வெட்டிவிட்டு "நாங்கள்" என்று எழுதினோம். அது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. நாங்கள் என்று எழுதினால் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளவும் வசதி என்பது எங்களுக்குத் தெரியும். பொறுப்பெடுக்கிறதும் ஒளிகிறதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். அதனால் அடுத்த பந்தியில் மேலே சொன்ன ஐந்தையும் ஒவ்வொன்றாக எழுதினோம். நாங்கள் செய்யாமல் விட்டவை இவை என்று. எழுதி முடித்த பிறகு மாமரத்துக்குக் கீழே போய் வாசித்துக் காட்டினோம். "ஆறாவது ஒண்டு இருக்கு" என்றார் அவர். "எனக்கு இடைவெளி ஞாபகம் வந்தது. சொன்னால் கரண்ட் போயிடும் எண்டு சொல்லேல்லை."

அதையும் எழுதினோம்.

*

கொப்பியை விற்கிறவர்களுக்கே இப்படி நடந்திருக்கிறது. பிறகுதான் தேடி வாசித்தோம்.

2019 மே 17. அதுவும் வெள்ளிக்கிழமை. சேல்ஸ்ஃபோர்ஸின் பார்டொட் என்ற சந்தைப்படுத்தல் சேவையைப் பாவித்த, அல்லது முன்பு பாவித்திருந்த வாடிக்கையாளர்களின் தரவுத்தளத்தில் ஒரு நிரல் துண்டை ஓட விட்டார்கள். அது சாதாரண பயனர்களுக்கும் தங்கள் நிறுவனத்தின் தரவை அளவுக்கு மீறிப் பார்க்கவும் மாற்றவும் அனுமதி கொடுத்துவிட்டது. நிலைமை விளங்கினதும் நிறுவனம் அந்த வாடிக்கையாளர்கள் இருந்த சேவையகங்களுக்கான வழியையே அடைத்தது. பாதிக்கப்படாதவர்களும் சேர்ந்து வெளியே நின்றார்கள். பிறகு பிழையான அனுமதிகளை எடுத்துவிட்டார்கள். அதோடு சரியான அனுமதிகளும் கனக்க இடங்களில் போய்விட்டன. யார் எதைப் பார்க்கலாம் என்ற ஒழுங்கின் பழைய பிரதி சாண்ட்பொக்ஸில் இருந்த நிறுவனங்கள் அங்கிருந்து புரொடக்‌ஷனுக்குத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று வழி சொன்னார்கள். பிரதி இல்லாதவர்கள் கையால் ஒவ்வொன்றாகச் சரிபண்ண வேண்டியிருந்தது.

2021 மே 11. இணையப் பெயரை முகவரியாக மாற்றிக் கொடுக்கிற டி.என்.எஸ். சேவையகங்களில் ஒரு கொன்ஃபிகரேஷன் மாற்றம். அவர்களின் வழக்கம், ஒரு மாற்றத்தை முதலில் சிறிய பகுதியில் விட்டுப் பார்த்து, பிறகு படிப்படியாக மற்ற இடங்களுக்குக் கொண்டுபோவது. அன்றைக்கு அந்த வேலையை, உண்மையான அவசரத்துக்கு மட்டும் வைத்திருந்த குறுக்கு வழியால் ஒரேயடியாக எல்லா இடத்துக்கும் அனுப்பினார்கள். அந்தச் சேவையகங்களை நிறுத்தித் தொடக்குகிற நிரலுக்குள் ஒரு பழைய பிழை ஒளிந்திருந்தது. உலகம் முழுக்கச் சில மணித்தியாலங்கள் சேல்ஸ்ஃபோர்ஸ் இல்லை. திருத்தப் போனவர்களின் கருவிகளே டி.என்.எஸ்.ஸை நம்பி இருந்ததால் உள்ளே போவதும் கஷ்டமாகிவிட்டது. பிறகு நடந்த விளக்கக் கூட்டத்தில், ஒரு பொறியாளர் நடைமுறையை மீறினார், அவர் மீது நடவடிக்கை எடுத்திருக்கிறோம் என்று நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒருவர் சொன்னதாகச் செய்திகளில் வந்தது.

குறுக்கு வழியால் போனது பிழைதான். ஆனால் அந்தச் செய்தியை வாசித்தபோது எங்களுக்கு மாமரம்தான் ஞாபகம் வந்தது. அவசரமில்லாத வேலையை அவசர வழியால் அனுப்ப ஒரு ஆளால் முடிகிறது என்றால், அந்த வழிக்குக் கதவு போடாதவர்கள் எத்தனை பேர்?

*

இப்போது நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறோம். இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்கு உதவும்.

எந்த மாற்றமும் முதலில் சாண்ட்பொக்ஸில். அந்தத் தொண்டு அமைப்பு வைத்திருந்த பதிப்பிலேயே சாண்ட்பொக்ஸ் சேர்ந்து வந்தது. காசு ஒரு சாட்டே இல்லை. சாண்ட்பொக்ஸிலும் வகை இருக்கிறது. டெவலப்பர் சாண்ட்பொக்ஸில் கோடுகள் மட்டும் வரும், எழுதின பதிவுகள் வராது. ஒரு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். பார்ஷல் கொப்பியில் பதிவுகளிலும் ஒரு பங்கு வரும், 5 நாளுக்கு ஒருமுறை. ஃபுல் என்பது அப்படியே முழுப் பிரதி, 29 நாளுக்கு ஒருமுறை. எங்கட றூலை ஒரு பார்ஷல் கொப்பியில் பழைய விண்ணப்பங்களோடு ஓடவிட்டிருந்தால் முதல் ஐந்து பதிவுக்குள் இடைவெளி கண்ணில் பட்டிருக்கும்.

சாண்ட்பொக்ஸில் சரிவந்ததை புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோக இலகுவான வழி சேஞ்ச் செற். மாற்றின துண்டுகளை ஒரு பொதியாகக் கட்டி அனுப்புவது. கட்டும்போது ஏதாவது ஒன்று விடுபடும், அது நிச்சயம். ஒருமுறை புதுப் பெட்டி ஒன்றை அனுப்பினோம். அதை யார் பார்க்கலாம் என்ற அனுமதியைச் சேர்த்து அனுப்பவில்லை. பெட்டி போய்ச் சேர்ந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. இன்னொருமுறை ஃபுளோ ஒன்று போனது. அது புரொடக்‌ஷனில் இயங்காத நிலையில்தான் போய் இறங்கும், நாங்கள்தான் இயக்கிவிட வேண்டும் என்பது தெரியாமல் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். சேஞ்ச் செற்றால் ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம், அழிக்க ஏலாது. அழிப்பதற்கு வேறு வழி பிடிக்க வேண்டும்.

பொதியை இறக்கமுன் வலிடேற் பண்ணிப் பார்க்கலாம். ஒன்றையும் மாற்றாமல், இறக்கினால் என்ன பிழை வரும் என்று மட்டும் சொல்லும். இறக்கும்போது ஒரு துண்டு பிழைத்தாலும் முழுப் பொதியும் திரும்பிவிடும், அது நல்லது. ஆனால் எல்லாம் சரியாக இறங்கின பிறகு, ஐயோ பிழைச்சுப்போச்சு என்று பின்னுக்கு எடுக்க ஒரு பொத்தான் இல்லை. ஆகவே இறக்கமுன் பழைய நிலையை கிற்றில் எடுத்து வைக்கிறோம். எப்படித் திருப்புவது என்று எழுதாத மாற்றத்தை இறக்குவதில்லை.

இதில் எங்களுக்கு இன்னும் உறுத்துகிற ஒன்று இருக்கிறது. எப்பெக்ஸில் நிரல் எழுதினால் அதை புரொடக்‌ஷனில் நேரே எழுத விடமாட்டார்கள். சாண்ட்பொக்ஸில் எழுதி, அதைச் சோதிக்கிற நிரலையும் எழுதி, குறைந்தது 75 சதவீத வரிகள் சோதனையில் ஓடினால்தான் உள்ளே விடுவார்கள். வலிடேஷன் றூலுக்கு அப்படி ஒரு வாசற்காவல் இல்லை. நிரல் எழுதுகிறவர் ஆபத்தானவர், கிளிக் பண்ணுகிறவர் ஒன்றும் செய்துவிட மாட்டார் என்பதுபோல. எங்கட இரண்டு வரி எந்த நிரலுக்கும் குறையாமல் 38 பேரைத் தடுத்தது. அந்தக் காவலை மென்பொருள் போடவில்லையென்றால் ஆட்கள்தான் போட வேண்டும். இப்போது மாற்றத்தைச் செய்தவரே அதை இறக்குவதில்லை. இன்னொருவர் வாசித்து, கேள்வி கேட்டு, அவர்தான் இறக்குவார். ஓடிற் ட்ரெயிலில் அவரின் பெயர் வரும். பெயர் வரப்போகிறது என்று தெரிந்தால் சும்மா தலையாட்ட மனம் வராது.

வெள்ளிக்கிழமை இறக்குவதில்லை. கரண்ட் போக இரண்டு மணித்தியாலத்துக்குள்ளும் இறக்குவதில்லை என்று அந்த வருடம் எழுதி ஒட்டியிருந்தோம். மின்வெட்டு முடிந்து கனநாள். தாளைக் கிழிக்கவில்லை. அடுத்த அவசரம் வேறு பெயரில் வரும்.

இதெல்லாம் சுணக்கம்தான். ஒரு பெட்டி சேர்க்க நாலு நாளா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். ஒருவர் எங்களை விட்டுவிட்டு வேறு இடத்துக்கும் போய்விட்டார். சின்ன மாற்றத்தை உடனே செய்து தருகிறவர்களுக்குத்தான் சந்தையில் மதிப்பு, அதை மறுக்க முடியாது. நாங்களும் சில நாட்களில் அலுத்துப்போய், இதுக்கும் இவ்வளவு சடங்கோ என்று எங்களுக்குள் கொழுவியிருக்கிறோம். அப்படியான நேரங்களில் யாராவது ஒருவர் அந்தத் தாயைப் பற்றி எடுப்பார். அவரின் பெயரை எங்களுக்கு அமைப்பு சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. தனக்குத் தகுதி இல்லையாக்கும் என்று நினைத்தாராம் என்ற ஒரு வசனம்தான் எங்களிடம் இருக்கிறது. அமைப்பு பிழைத்தால் அதன் உள்ளே இருக்கிறவருக்குப் பிழைச் செய்தி வரும். வெளியே நிற்கிறவர் தன்னில்தான் பிழை என்று நினைத்துக்கொள்வார்.

அன்று மாமரத்துக்குக் கீழே நின்றவர் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்குவது இப்போது அவர்தான். முதல் நாள் அவர் சொல்லிக்கொடுப்பது சாண்ட்பொக்ஸும் இல்லை, சேஞ்ச் செற்றும் இல்லை. எதையாவது இறக்கின பிறகு லப்டொப்பை மூடச் சொல்வார். ஃபோனை எடுத்து, வைஃபையை நிறுத்திவிட்டு, ஒரு பயனராகவும் உள்நுழையாமல், அந்தப் படிவத்தை வெளியே இருக்கிற ஒரு ஆளாக நிரப்பச் சொல்வார். பெயர், முகவரி. பிறகு ஃபோன் இலக்கம், ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டு.

நன்றி என்ற பக்கம் வந்தால் நம்பக்கூடாது. உள்ளே போய்ப் பதிவு வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தேத்தண்ணி.